உன் மனைவியின் தையல் ஏன் பிரிந்தது

மகனே,

ஆசீர்வாதத்தைக் கடைசி வரிக்கு வைத்திருக்கிறேன். முழுக்கப் படித்த பிறகும் அது உனக்கு வேண்டியிருந்தால் எடுத்துக்கொள்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உஷா ஏன் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை, குழந்தைக்கு ஏதாவதா, அம்மா நீயாவது மறைக்காமல் சொல் என்று கேட்டிருக்கிறாய். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. நன்றாகப் பால் குடிக்கிறாள். உன்னைப் போலவே வலது காது மடங்கியிருக்கிறது. உஷாவுக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போயிற்று. அவள் வயிற்றுத் தையல் பிரிந்து சீழ் பிடித்து, மூன்று நாள் மறுபடியும் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். இப்போது ஆறி வருகிறது, காய்ச்சல் இல்லை. ஆனால் டாக்டரம்மா நூல் பிடித்தாற்போலப் போட்டிருந்த கோடு போய்விட்டது. அந்த இடத்தில் பெருவிரல் பருமனுக்குத் தழும்பு வரும் என்கிறார்கள். அது என்னால் வந்தது. உஷா உனக்கு எழுதாததற்கும் காரணம் உண்டு. "நீங்க பண்ணினதை நீங்களே எழுதுங்கோ. நான் எழுதினா கோள் சொன்னாப்ல இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

நான் நாலாங்கிளாஸோடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும். ஆனாலும் உன் அப்பா ஆபீஸிலிருந்து கற்றுக்கொண்டு வந்த அழகான கையெழுத்தில் எழுதிய கடிதங்களைவிட இதில் விஷயம் இருக்கும். குழந்தை தூங்கும் மத்தியானங்களில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது நாலாவது மத்தியானம். இன்னும் பதினாறு நாளில் நீ பம்பாயில் வண்டி ஏறுகிறாய், பெண்ணுக்குப் பெயர் வைக்க. வந்தால் அந்தத் தழும்பைப் பார்க்கத்தான் போகிறாய். பார்க்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்பதுதான் எனக்கு இப்போது இருக்கும் ஒரே பயம். அதற்காகத்தான் பழசையெல்லாம் தோண்டுகிறேன். இல்லாவிட்டால் இதைச் சாகும்போது என்னோடு கொண்டுபோயிருப்பேன்.

நீ பிறந்தது எப்படி என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தான் என்பதோடு உன் அப்பாவைப் பெற்ற பாட்டி நிறுத்திவிடுவாள். இதே கரமனை வீட்டில் இரண்டு பகல் வலியெடுத்துக் கிடந்தேன். குழந்தை குறுக்கே கிடக்கிறது, என் கையில் இல்லை என்று மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். அதற்கப்புறம்தான் உன் அப்பா கிழக்கேகோட்டைக்கு ஓடி டாக்ஸி பிடித்து வந்தார். அந்தக் காலத்தில் நெடுக்கத்தான் கிழிப்பார்கள், தொப்புளுக்கு அடியிலிருந்து கீழே வரைக்கும். பத்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பும்போது, இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் படக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது என்று நர்ஸ் என் எதிரிலேயே உன் பாட்டியிடம் சொன்னாள். உன் பாட்டி தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சரி என்பதுபோலவும் இருக்கும், போடி என்பதுபோலவும் இருக்கும்.

மறுநாள் பதினோராம் நாள். தீட்டுக் கழிய வேண்டும், பெற்றவளுக்குத் தலைமுழுக்கு உண்டு. இந்த மலையாளத்து ஊரில் பிரசவித்தவளைக் குளிப்பாட்ட ஒருத்தி வருவாள். இலை தழைகளைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைச் செம்பு செம்பாக அடிவயிற்றில் ஓங்கி அடிப்பாள். அப்படி அடித்தால்தான் உள்ளே இருக்கிற கெட்டதெல்லாம் இறங்கும் என்பார்கள். எனக்கு வந்தவள் நாணியம்மா. நல்லவள். என் வயிற்றைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, தையல் உண்டல்லோ. ஊத்தப் பயமாயிட்டு இருக்கு."

"உனக்கு என்னடி பயம்? கிழிச்சவளே பயப்படல்லை. நீ ஊத்து" என்றாள் உன் பாட்டி.

நாணியம்மா ஊற்றினாள். ஓங்கி அடிக்கவில்லை, சரித்துத்தான் விட்டாள். அதற்கும் உன் பாட்டி, "நீ என்ன துளசிக்கா தண்ணி விடறே?" என்று செம்பைப் பிடுங்கித் தானே அடித்தாள். பிறகு பழைய ஒன்பது கஜப் புடவையை நாலாக மடித்து, ஈரம் காயாத வயிற்றின்மேல் சுற்றி, உன் பாட்டி ஒரு பக்கமும் உன் அத்தை ஒரு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். கட்டாவிட்டால் வயிறு தொங்கிப்போகுமாம். எனக்கு மூச்சு முட்டியது. உன் அத்தை ஒரு காலை என் தொடையில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இழுப்பது மாதிரி. அந்தக் காலில் மெட்டி இருந்தது. அந்த மெட்டி பதிந்த இடம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்படியே கொண்டுபோய் அந்த அறையில் படுக்கவைத்தார்கள். எந்த அறை என்று உனக்குத் தெரியும், நடுக்கூடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை, அரிசிப் பீப்பாய் இருக்குமே அது. பிரசவித்தவள் நாற்பது நாள் அங்கேதான். அடுக்களையில் எனக்காகக் கிளறிய பிரசவ லேகியத்தின் வாசனை அங்கே வரைக்கும் வந்தது, லேகியம் வரவில்லை. நான் நாணியம்மாவிடம் கேட்டனுப்பினேன். உன் அத்தை கூடத்தில் நின்றுகொண்டு, எனக்குக் கேட்கவேண்டும் என்றே உரக்கச் சொன்னாள்: "வயித்தை வலிச்சுப் பெத்தவாளுக்குத்தான் லேகியம். கிழிச்சு எடுத்துண்டவாளுக்கு எதுக்கு?" அந்த லேகியத்தை அவளே தின்றாள். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

நாலு நாளில் கட்டுக்கு அடியிலிருந்து நாற்றம் வந்தது. அறை வாசலில் ஊதுபத்தி ஏற்றி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கூட்டிப் போனால், குளிப்பாட்டியதற்கு டாக்டர் திட்டுவாள், தெருவில் தெரியும், அவமானம் என்று இன்னும் மூன்று நாள் போயிற்று. ஏழாம் நாள் காய்ச்சலில் நான் உளற ஆரம்பித்த பிறகுதான் கூட்டிப் போனார்கள். புண் ஆற இரண்டு மாசம் ஆயிற்று. ஆறியது என்று பெயரே தவிர, ஆறாமலே மேலே தோல் மூடிக்கொண்டது மாதிரிதான். அது கயிறு மாதிரி தடித்து எழுந்தது. சிவப்பாக இருந்து, பிறகு கறுத்தது. மழைக்கு ஒரு நாள் முன்னால் அரிக்கும். மடிசார் கட்டும்போது முடிச்சு சரியாக அதன் தலையில்தான் வந்து உட்காரும். கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் உன் பாட்டி, "என்ன, புடவை நழுவறாப்ல கட்டிண்டிருக்கே?" என்பாள். இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பேன். குனிந்தால் இழுக்கும், நிமிர்ந்தால் உரசும். அதோடுதான் தினமும் இருபது பேருக்குச் சமைத்தேன்.

இதையெல்லாம் நான் தாங்கியிருப்பேன். உன் அப்பா சொன்ன ஒரு சொல்லைத்தான் இன்றுவரை தாங்கிக்கொண்டிருக்கிறேன். உனக்கு அப்போது ஆறு மாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் கூடத்து அறையில் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது, நல்ல வெளிச்சம். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்கு முன்னால் அவர் அதைப் பார்த்ததில்லை. பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "மூடு" என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரத்தை மூடு என்பது மாதிரி சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தேடி வந்தது பேனாவைத்தான்.

அன்றிலிருந்து நான் அந்த இருட்டறையில்தான் புடவை மாற்றுகிறேன், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது வீட்டில் பார்க்க ஆளில்லை. இருந்தும் அங்கேதான் போகிறேன், கால் தானாகப் போகிறது. உனக்கு ஒரு தம்பியோ தங்கையோ ஏன் இல்லை என்று நீ ஏழு வயதில் கேட்டாய். அன்று உன்னை அடித்தேன். ஊறுகாய் ஜாடியை உடைத்ததற்கு அடி விழுந்தது என்று நினைத்திருப்பாய். ஜாடி அதற்கு முந்தின நாள்தான் உடைந்தது. பதில் சொல்லத் தெரியாமல் அடித்தேன். உனக்கு இன்று பதில் கிடைத்திருக்கும்.

இப்போது உஷாவுக்கு வருகிறேன். அவளுக்குத் தாயில்லை என்று நீ என்னிடம் பிரசவத்துக்குக் கொண்டுவந்து விட்டாய். நீ திரும்பிப் போன அன்று ஸ்டேஷனில் வண்டி நகரும்போது, "அம்மா, அவளுக்கு நீதான்" என்றாய். நான் சரி என்று தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

அவளுக்கும் கிழிக்க வேண்டிவந்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். எனக்கு நடந்தது எதுவும் இவளுக்கு நடக்காது. குளிப்பாட்ட யாரையும் கூப்பிடவில்லை. வயிற்றைக் கட்டவில்லை. லேகியம் கிளறி முதல் உருண்டையை அவள் வாயில்தான் போட்டேன், உன் அத்தை கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டேன். அந்தச் சந்தோஷத்தை உனக்குச் சொல்லி முடியாது. ஆனால் படுக்க வைத்தது அந்த அறையில்தான். ஜன்னல் இல்லாத அறை. எனக்கு அது தப்பாகவே படவில்லை. பிரசவித்தவள் படுக்கிற அறை அது, வேறு எங்கே படுப்பாள் என்றுதான் இருந்தது.

உஷாவுக்கு டாக்டரம்மா குறுக்காக, மிகவும் கீழே, புடவைக் கட்டுக்குள் மறைகிற மாதிரி கிழித்திருந்தாள். வீட்டுக்கு வந்த அன்று அவள் படுத்திருந்து எனக்குக் காட்டினாள். ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு, அவ்வளவுதான். எனக்குப் பொறாமை வந்தது. ஆமாம், பொறாமைதான். எழுதிவிடுகிறேன். அது வந்து போன பிறகு ஒரு பிடிவாதம் வந்தது. இந்தக் கோடுகூட இவள் உடம்பில் நிற்கக்கூடாது, என் பிள்ளை வந்து பார்க்கும்போது ஒன்றுமே இருக்கக்கூடாது என்று. மறுநாளே கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறிப் போய், நாட்டு மருந்துக் கடையில் தழும்புக்கு என்ன உண்டு என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு எண்ணெயை எடுத்து வைத்து, "ஆறின தழும்புக்கு நல்லதாக்கும்" என்றார். எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு, ஆறின என்ற சொல்லைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

"அம்மா, டாக்டர் எதுவும் தடவப்படாதுன்னு சொன்னாளே" என்றாள் உஷா.

"டாக்டர் ஆயிரம் பேருக்குச் சொல்றதை உனக்கும் சொன்னா. நான் பட்டவ சொல்றேன், பேசாம படு."

"எரியறதும்மா."

"எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யறதுன்னு அர்த்தம்."

ஐந்து நாள், காலையும் மாலையும், சுட வைத்த எண்ணெயை அந்தக் கோட்டின்மேல் விரலால் அழுத்தித் தேய்த்தேன். அதன்மேல் வாட்டிய வெற்றிலை. வெற்றிலையின்மேல் துணி. அந்த அறையில் காற்று ஏது? ஆறாம் நாள் வெற்றிலையை எடுத்தபோது கோட்டின் ஒரு ஓரம் வாய் திறந்திருந்தது. எனக்கு அந்த வாசனை தெரியும். இருபத்தைந்து வருஷம் கழித்தும் மூக்கு மறக்கவில்லை. அந்த நிமிஷமே நான் அவளைக் கூட்டிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் ஊதுபத்தி ஏற்றி வைத்தேன்.

உஷாவுக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும், யாரிடமும் சொல்லாதே, உனக்கும் எழுதாதே என்று அவளிடம் சொன்னேன். மறுநாள் மத்தியானம் உன் அத்தை வந்தாள். வாசலில் அவள் குரல் கேட்டது. அவள் அந்த அறைக்குள் போய், அந்த நாற்றத்தை முகர்ந்து, நாலு தெருவுக்குச் சொல்லப்போவது என் காதில் கேட்டுவிட்டது. குழந்தையும் தாயும் தூங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அந்த அறைக் கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். போட்டுவிட்டு அவளுக்குக் காப்பி கலந்தேன். அவள் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடிப்பவள். உனக்குத் தெரியும்.

பாதிக் காப்பியில் உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?" என்றாள் உன் அத்தை.

"பூனையாக்கும். எலி பிடிக்கறது."

"பூனை கதவைத் தட்டுமோ?"

"இந்தாத்துப் பூனை தட்டும்" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுபடியும் தட்டும் சத்தம். பிறகு நின்றுவிட்டது. நான் உன் அத்தைக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன். அவள் போக ஒரு மணி நேரம் ஆயிற்று. போனதும் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். உஷா படுக்கையில் இல்லை. கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் குழந்தை, மறு கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. "நகருங்கோ" என்றாள்.

நகர்ந்தேன். உஷா செருப்பில்லாமல் தெருவில் இறங்கி, நாலாவது வீட்டில் குடியிருக்கும் ஓமனா சிஸ்டர் வாசலுக்கு நடந்து போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஓமனா ஆஸ்பத்திரி நர்ஸ், அன்று வீட்டில் இருந்தாள், அது நம் அதிர்ஷ்டம். உஷாவின் புடவையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மலையாளத்தையும் தமிழையும் கலந்து அவள் திட்டியதில் பாதியை எழுத முடியாது. "எந்தா அம்மா இது? புண்ணு என்ன அடுக்களையில பொரிக்கிற அப்பளமா, எண்ணெய் விடறதுக்கு?" என்றாள். ஆட்டோ பிடித்து அவளே கூட்டிப் போனாள். வண்டியில் எனக்கு இடம் இருந்தது. நீங்க வரவேண்டாம் என்று உஷா சொல்லிவிட்டாள்.

மூன்று நாளில் திரும்பி வந்தாள். மனது மாறி வந்தாள் என்று நினைக்காதே. பிறந்த வீட்டில் தாய் இல்லை, நீ பம்பாயில், பச்சைக் குழந்தையையும் புண்ணையும் வைத்துக்கொண்டு வேறு எங்கே போவாள்? போக்கிடம் இல்லாமல் இந்த வீட்டுப் படியேறுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. அவள் வருவதற்குள் கட்டிலை வாசல் பக்கத்து அறையில், ஜன்னலுக்கு அடியில் போட்டிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். உட்கார்ந்த பிறகு, "இனிமே என் உடம்புல உங்க கை படப்படாது" என்றாள். சரி என்றேன்.

புண்ணைத் தினமும் துடைத்துப் பஞ்சு மாற்ற வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓமனா சிஸ்டர் வருவாள், மற்ற நாட்களில் உஷாவே செய்துகொள்கிறாள். கீழே இருப்பதால் அவளுக்குக் குனிந்து பார்க்க முடியாது, குனிந்தால் இழுக்கும். அதனால் நான் கண்ணாடி பிடிக்கிறேன். உன் அப்பா சவரம் செய்துகொள்வாரே, அந்தச் சின்னக் கண்ணாடி. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, அவளுக்குத் தெரிகிற மாதிரி பிடிக்க வேண்டும். அவள் வாயிலிருந்து எனக்கு வரும் பேச்சு அதோடு சரி. மேலே, கீழே, இடது பக்கம், போறும்.

எட்டு நாள் அப்படிப் போயிற்று. ஒன்பதாம் நாள் பஞ்சை எடுத்துவிட்டு அவள் கேட்டாள்: "ஏம்மா இப்படிப் பண்ணேள்? நான் எத்தனையோ யோசிச்சுப் பாத்துட்டேன். என்மேல உங்களுக்கு வெறுப்புன்னா லேகியம் கிளறியிருக்கமாட்டேள். வெறுப்பு இல்லேன்னா தாழ்ப்பா போட்டிருக்கமாட்டேள்."

கண்ணாடியைக் கட்டிலில் வைத்துவிட்டு, எழுந்து நின்று, முடிச்சைத் தளர்த்திக் காட்டினேன். ஜன்னல் திறந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் இரண்டாவது தடவை.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. நான் மூடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இப்பவும் வலிக்கறதா?"

"வலிக்கலை. மழைக்கு முன்னாடி அரிக்கும்."

"வேற யார் பாத்திருக்கா?"

"உன் மாமனார். ஒரே ஒரு தடவை."

"என்ன சொன்னார்?"

சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "கண்ணாடியை எடுங்கோ. கொஞ்சம் மேல பிடிங்கோ" என்றாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நீ எடுத்துக்கொள்ளாதே. இன்னும் என் கை அவள்மேல் படக்கூடாது, அந்தச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. அம்மாதானே, போகட்டும் விடு என்று நீ அவளிடம் சமாதானம் பேச வராதே. நான் உன் பாட்டியின்மேலும் அத்தையின்மேலும் இத்தனை வருஷம் வைத்திருக்கும் கோபத்தை யாராவது போகட்டும் என்று சொல்லியிருந்தால் அவர்கள்மேலும் அதே கோபத்தை வைத்திருப்பேன். அவள் கோபம் அவளுடையது. எப்போது விடுவது என்று அவளுக்குத் தெரியும், விடாமலும் இருக்கலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் என் கோபத்தை அந்த இருட்டறையில் வைத்துப் பூட்டினேன். பூட்டிய அறைக்குள் அவளையும் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். அவள் அப்படிச் செய்யமாட்டாள். என் முகத்துக்கு நேரே கோபப்படுகிறாள்.

இனி நீ செய்ய வேண்டியது. பெயர் வைக்கிற அன்று அவள் ஒன்பது கஜம் கட்டமாட்டாள். நூல் புடவையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு உட்காருவாள். உன் அத்தை ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு, அவளுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. உள்பாவாடை நாடா தழும்பின்மேல் விழக்கூடாது, மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடிக்குக் குழாயடியிலிருந்து வாளி தூக்குவது இனிமேல் நீதான். தூக்கமாட்டாள் என்று நினைக்காதே, நீ ஆபீஸ் போனதும் தூக்குவாள், அதனால் போவதற்கு முன்னால் நிரப்பி வைத்துவிட்டுப் போ. இருமல் தும்மல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்வாள், சிரிக்கும்போதும் அப்படித்தான், வேடிக்கை பண்ணாதே. தழும்பைச் சுற்றி மரத்துப்போய் இருக்கும். தொட்டால் அவளுக்குத் தெரியாது, அது உன்மேல் பிரியம் குறைந்ததால் இல்லை. ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம், சில பேருக்கு முழுக்கத் திரும்பாது. அரித்தால் நகம் போடக்கூடாது. எண்ணெய் தடவுவதாக இருந்தால், முழுக்க மூடி, டாக்டரம்மா பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, அவள் விரலால் அவளே மெதுவாகத் தடவிக்கொள்ளட்டும். நீ யாரோ சொன்னார்கள் என்று எந்தக் குப்பியையும் வாங்கிவராதே. தடித்து எழுந்தால் அதற்கு ஊசி இருக்கிறதாம், போட்டால் இளகுமாம். பம்பாயில் கூட்டிப் போய்க் காட்டு. அடுத்த குழந்தையைப் பற்றி அவள் பேசுகிற வரைக்கும் நீ பேசாதே.

அந்த ஊசியை எனக்கும் போட்டுக்கொள்ளலாம் என்கிறாள் ஓமனா சிஸ்டர். உஷா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த வாரம் என்னோடு வாருங்கள், டாக்டரிடம் காட்டலாம் என்று கூப்பிடுகிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் என்னோடு இருந்தது இளகிப்போய்விட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைத்துப் பார்க்கவே வரவில்லை. புடவை மாற்ற இன்னும் அந்த அறைக்குத்தான் போகிறேன். நேற்றுத் தாழ்ப்பாள் போடக் கை போனது. போடாமல் நின்று பார்த்தேன். முடியவில்லை, போட்டுவிட்டேன்.

பெயர் வைத்த மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடு. நாள் பார்க்க வேண்டாம். இன்னும் பத்து நாள் இருக்கட்டும் என்று நான் சொன்னாலும் கேட்காதே, சொல்லுவேன்.

நீ வந்து இறங்குவது காலை வண்டி. வீட்டுக்கு வரும்போது ஒன்பது மணி இருக்கும். அதுதான் அவள் தழும்பைத் துடைத்துப் பார்க்கிற நேரம். காலைக் கழுவிக்கொண்டு நேரே வாசல் அறைக்கு வா, குழந்தையை அப்புறம் கொஞ்சலாம். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பேன். என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் நீ உட்கார். நான் கதவைச் சாத்தாமல் வெளியே போய்விடுவேன். அவள் மேலே என்றால் மேலே பிடி, கீழே என்றால் கீழே. கண்ணாடியை மட்டும் பார்க்காதே, அவளையும் பார். கை ஆடக்கூடாது. போறும் என்று அவள் சொல்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டிரு.

நன்றாக இரு.

அம்மா